நடுத்தீர்வையும் கொங்கு நாடும்

'தீர்வை' என்னும் தமிழ்ச் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் வழக்கில் இருந்தன. குடியானவன் தன் நிலத்துக்காக அரசுக்குச் செலுத்தும் வரி ஒன்று. மனிதனின் வினைகளைக் கணக்கிட்டு இறைவன் வழங்கும் முடிவு மற்றொன்று. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து பாரமகாலையும் சேலத்தையும் பெற்ற கிழக்கிந்தியக் கும்பினி, அலெக்சாண்டர் ரீடு, தாமஸ் மன்றோ முதலிய அதிகாரிகளைக் கொண்டு அங்கே நிலங்களை அளந்து, இடையில் ஜமீன்தார் எவருமின்றி ஒவ்வொரு குடியிடமும் நேராகத் தீர்வை பிரிக்கும் இரயத்துவாரி முறைக்கு வித்திட்டது. 1799இல் கோயம்புத்தூர்ச் சீமையும் கும்பினியின் வசமாயிற்று. அதே ஆண்டுகளில் அதே மண்ணில் வாழ்ந்த கத்தோலிக்கக் குடும்பங்கள், இயேசு வானிலிருந்து மீண்டும் வந்து உயிரோடிருப்போரையும் இறந்தோரையும் 'நடுத்தீர்ப்பார்' எனத் தம் விசுவாசப் பிரமாணத்தில் அன்றாடம் ஓதி வந்தன. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அரபு மொழியிலும் தீர்ப்பு என்னும் பொருள்படும் 'தீன்', கடன் என்னும் பொருள்படும் 'தைன்' ஆகிய இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. 'யவ்முத்தீன்' என்று ஒவ்வொரு தொழுகையிலும் ஓதும் நமக்கு, கணக்குத் தீர்க்கும் நாள் என்னும் கருத்து அந்நியமானதன்று.

அந்த நாளில் யார் தப்புவார் என்னும் கேள்விக்குக் கிறித்தவத் திருச்சபை காலந்தோறும் அளித்த விடை ஒன்றாக இருந்ததில்லை. அவ்விடை மாறிய வரலாற்றின் முக்கியமான சில பக்கங்கள் ரோமாபுரியில் எழுதப்பட்டதைப் போலவே, சேலத்திலும் கருமத்தம்பட்டியிலும் கோவையிலும் எழுதப்பட்டன. அவற்றையே இங்கு நாம் ஆராய முற்படுகிறோம்.

முதலில் கோட்பாட்டைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். ஆதிப் பாவத்தால் மனித குலம் இறைவனை விட்டு விலகிற்று. இயேசுவின் சிலுவை மரணமே அதற்கான பரிகாரம். அப்பலன் விசுவாசத்தாலும் ஞானஸ்நானத்தாலும் மனிதனைச் சேர்கிறது என்பது கிறித்தவத்தின் அடிப்படை. இதில் நமக்குள்ள கருத்து வேறுபாடு யாவரும் அறிந்ததே; அதை இங்கு விவாதிக்கப் போவதில்லை. இறந்தவுடன் ஒவ்வோர் ஆன்மாவும் பெறுவது தனித்தீர்வை. உலக முடிவில் உடல்கள் எழுப்பப்பட்டு யாவரும் பெறுவது பொதுத்தீர்வை. கப்ரின் கேள்வி கணக்கையும் மஹ்ஷர் வெளியையும் அறிந்த வாசகர்களுக்கு இப்பாகுபாடு எளிதில் விளங்கும். மோட்சத்துக்கும் நரகத்துக்கும் இடையில், சிறு பாவங்களின் கறை கழிக்கும் 'உத்தரிக்கிற ஸ்தலம்' ஒன்று உண்டு என்பது கத்தோலிக்க நம்பிக்கை. புராட்டஸ்டண்டுகள் இதை ஏற்பதில்லை. ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளுக்காக, துன்பமும் இல்லாத இறைக் காட்சியும் இல்லாத 'லிம்போ' என்னும் நிலையை இடைக்கால அறிஞர்கள் வகுத்தனர். விளிம்பு என்பதே அந்த இலத்தீன் சொல்லின் பொருள். திருக்குர்ஆன் கூறும் 'அஃராப்' சிலருக்கு நினைவுக்கு வரலாம். ஆனால் அஃராபில் நிற்போர் நம்பிக்கையோடு காத்திருப்போர். லிம்போவில் இருப்போருக்குக் காத்திருக்க எதுவுமில்லை.

கடினமான கேள்வி இதற்கு அப்பால்தான் எழுகிறது. இயேசுவின் பெயரையே கேள்விப்படாமல் வாழ்ந்து இறந்த கோடிக்கணக்கானோரின் கதி என்ன? திருச்சபைக்கு வெளியே மீட்பில்லை என்ற வாசகம் மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜ் நகர ஆயர் சிப்ரியானிடமிருந்து தொடங்குகிறது. அவர் தம் சபையை விட்டுப் பிரிந்து போன கிறித்தவர்களை நோக்கியே அதைச் சொன்னார். 1442இல் ஃபுளோரன்ஸ் சங்கம் அதே வாசகத்தை விரித்து, யூதரும் பிற சமயத்தாரும் பிரிவினைக்காரரும் இறப்பதற்கு முன் திருச்சபையில் சேராவிட்டால் நித்திய நெருப்புக்கே செல்வர் என அறிவித்தது. சபைக்குள் நடந்த பூசலில் பிறந்த எச்சரிக்கை, உலகம் முழுமைக்குமான தீர்ப்பாயிற்று. ஒரு நூற்றாண்டுக்குப் பின் 1547இல் திரெந்து சங்கம், ஞானஸ்நானத்தின் மீதான 'விருப்பமும்' பலன் தரும் என்று ஒரு சிறு சாளரத்தைத் திறந்து வைத்தது. இந்தியாவுக்கு வந்த பாதிரிமார்கள் இவ்விரண்டையும் கையில் வைத்துக்கொண்டுதான் கப்பலேறினர்.

கொங்கு நாட்டுக்கு இக்கேள்வியைக் கொண்டு வந்தவர் இத்தாலியரான இராபர்ட் தெ நொபிலி. 1577இல் பிறந்து, 1606இல் மதுரைக்கு வந்து, சந்நியாசியின் காவியுடுத்தி, புலால் நீக்கி, வடமொழியும் தமிழும் கற்றுத் 'தத்துவ போதகர்' எனப் பெயர் கொண்ட சேசு சபைத் துறவி. பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவற்றை அவர் அனுமதித்தது பெரும் வழக்காகி ரோமாபுரி வரை சென்று, 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரியின் ஆணையால் தற்காலிகமாக அவருக்குச் சாதகமாக முடிந்தது. அதே ஆண்டு அவர் மதுரையை விட்டு வடமேற்கே புறப்பட்டார். இன்றைய நாமக்கல் மாவட்டத்துச் சேந்தமங்கலத்திலும் சேலத்திலும் தங்கினார். மோரமங்கலத்தின் ஆட்சியை இழந்திருந்த திருமங்கல நாயக்கர் 1625ஆம் ஆண்டளவில் அவரிடம் ஞானஸ்நானம் பெற்றார்.

நொபிலி இப்பகுதியில் எதிர்கொண்ட சிக்கலைக் கவனிக்க வேண்டும். நரகம் என்றால் இம்மக்களுக்குத் தெரியும், எமனைத் தெரியும், வினைக்குப் பலன் உண்டு என்பதும் தெரியும். கருமத்தம்பட்டியிலிருந்து சில கல் தொலைவிலுள்ள அவினாசியில், முதலை விழுங்கிய பாலகனைச் சுந்தரர் பாடி மீட்டதாகச் சைவர் போற்றும் தலம் இருக்கிறது. மரணத்தின் வாயிலிருந்து மீட்பு என்பது இம்மண்ணில் புதிய கருத்தன்று. புதியதாக அவர் சொல்ல வந்தது, பிறவி ஒன்றே, தீர்வையும் ஒருமுறையே என்பதுதான். மறுபிறவி உண்டென்றால் எந்தத் தீர்ப்பும் இறுதித் தீர்ப்பாகாது. அடுத்த பிறவியில் மேல்முறையீடு செய்துகொள்ளலாம். எனவே அவர் 'புனர்ஜென்ம ஆக்ஷேபம்' என ஒரு தனி நூலே எழுதினார். 'ஆத்தும நிர்ணயம்', 'ஞானோபதேசம்' ஆகியவற்றிலும் இதே வாதம் விரிகிறது. இந்நூல்களை இருபதாம் நூற்றாண்டில் இராசமாணிக்கம் அடிகளார் தூத்துக்குடியிலிருந்து பதிப்பித்தார். தமிழ் உரைநடை வரலாற்றை ஆராய்வோர் எச்சமயத்தாராயினும் அவற்றைப் படிக்காமல் கடக்க இயலாது.

இதே பணியைத் தமிழ் முஸ்லிம்கள் நொபிலிக்கு ஓர் அரை நூற்றாண்டு முன்னரே தொடங்கிவிட்டனர். 1572இல் மதுரையில் அரங்கேறிய வண்ணப் பரிமளப் புலவரின் 'ஆயிர மசலா', அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்ட கேள்விகளின் வாயிலாகச் சொர்க்கத்தையும் நரகத்தையும் மறுமையையும் தமிழில் பாடியது. பழைய சொற்களில் புதிய பொருளை ஊற்றும் வேலையில் புலவரும் பாதிரியாரும் ஒரே சொற்களஞ்சியத்துக்குள்தான் கையை விட்டிருக்கின்றனர். மோட்சம், நரகம், பாவம், கதி என்பன இரு தரப்பாருக்கும் பொதுச் சொத்து. பின்னாளில் புராட்டஸ்டண்டு வேதாகமம் 'நியாயத்தீர்ப்பு', 'இரட்சிப்பு' என்னும் சொற்களை நாட்டியது. கத்தோலிக்கர் 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் 'மீட்பு' என்பதற்கு வந்து சேர்ந்தனர். நம்மிடையே வழங்கும் குர்ஆன் தமிழாக்கங்களிலும் 'நியாயத் தீர்ப்பு நாள்' இடம்பெற்றிருப்பதை வாசகர்கள் அறிவர். சொற்களுக்கு ஞானஸ்நானமும் இல்லை, கலிமாவும் இல்லை போலும்.

நொபிலிக்குப் பின் ஒன்றரை நூற்றாண்டு மைசூர்ப் போர்களிலும் மலபார்ச் சடங்குகள் பற்றிய சச்சரவிலும் கழிந்தது. 1744இல் போப் பதினான்காம் பெனடிக்டு அச்சடங்குகளைத் தடை செய்தார். 1773இல் சேசு சபையே கலைக்கப்பட்டது. அவர்கள் விட்டுச்சென்ற இடத்துக்குப் பாரிசு வேதபோதக சபையினர் வந்தனர். அவர்களுள் ஒருவர்தான் நம் கட்டுரையின் மையமான அபே துபுவா.

பிரெஞ்சுப் புரட்சி கொந்தளித்துக்கொண்டிருந்த 1792இல் தாயகத்தை விட்டுக் கிளம்பிய ழான் அந்துவான் துபுவா முப்பத்தோராண்டு தென்னிந்தியாவில் வாழ்ந்தார். உள்ளூர் உடை உடுத்தினார். உள்ளூர் உணவு உண்டார். கூடியவரை ஐரோப்பியரின் சகவாசத்தை ஒதுக்கினார். அவரது பணி மைசூரை மையமாகக் கொண்டது எனினும் கொங்கு வரை நீண்டது. பதினேழாம் நூற்றாண்டிலேயே கிறித்தவர் குடியேறிய கருமத்தம்பட்டியின் செபமாலை மாதா கோயில் வரலாற்றைச் சொல்வோர் அவர் பெயரையும் சேர்த்தே சொல்வர். இந்துக்களின் பழக்க வழக்கங்கள் குறித்து அவர் எழுதிய பிரெஞ்சுக் கையெழுத்துப் படியைக் கும்பினி 2000 வராகன் கொடுத்து வாங்கிற்று. 1816இல் ஆங்கிலத்தில் அச்சேறி இன்றுவரை படிக்கப்படுகிறது. அம்மை குத்தும் முறை இந்தியாவுக்கு வந்த புதிதில், 1803-04 ஆண்டுகளில், அவரது முயற்சியால் இருபத்தையாயிரத்துக்கும் மேற்பட்டோர் அம்மை குத்திக்கொண்டனர். மக்கள் தம்மை நம்பித் தம் பிள்ளைகளின் கையை நீட்டும் அளவுக்கு அவர்களோடு கலந்திருந்தவர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அத்தகையவர் 1823 ஜனவரியில் இந்தியாவை விட்டு நீங்கி, அதே ஆண்டு இலண்டனில் 'இந்தியாவில் கிறித்தவத்தின் நிலை குறித்த கடிதங்கள்' என்னும் நூலை வெளியிட்டார். இந்துக்களை மதம் மாற்றுவது நடைமுறையில் இயலாத காரியம் என்பதே அதன் துணிபு. தமக்கு உதவியாயிருந்த உள்நாட்டுக் குரு ஒருவரோடு சேர்ந்து இத்தனை ஆண்டுகளில் தாம் சேர்த்தது இருநூறு முந்நூறு பேர்தான் என்றும், அவர்களிலும் பெரும்பாலோர் வேறு போக்கிடமற்ற ஏழைகள் என்றும் அவர் எழுதினார். மதம் மாற்றும் காலம் ஒன்று இருந்தது, அது போய்விட்டது, மனித முயற்சியால் இனி அது திரும்பாது என்றார். இத்துடன் நின்றிருந்தால் அது சோர்வுற்ற ஓர் ஊழியரின் அறிக்கையாகவே இருந்திருக்கும். அவர் மேலும் ஓர் அடி எடுத்து வைத்தார். திரும்பத் திரும்ப அழைத்தும் கேளாத காரணத்தால் இம்மக்கள் இறையருளுக்குத் தகுதியிழந்து நிரந்தரச் சாபத்தின் கீழ் விடப்பட்டிருக்கிறார்களோ என்று ஐயுற்றார். தம் வாழ்நாளில் முப்பதாண்டு பழகிய அண்டை வீட்டார் அனைவருக்கும் மோட்சத்தின் கதவு அடைபட்டுவிட்டது என்பதே இதன் பொருள்.

வேதாகமத்தை மொழிபெயர்த்து வழங்கினால் பயன் விளையும் என்ற புராட்டஸ்டண்டுகளின் நம்பிக்கையையும் அவர் ஏற்கவில்லை. அதற்கு அவர் காட்டும் உதாரணங்களுள் ஒன்று சிந்திக்கத் தக்கது. இன்ஜீலில் வரும் ஊதாரி மகனின் உவமை, பாவத்திலிருந்து திரும்பி வருபவனை இறைவன் எப்படி வரவேற்கிறான் என்பதைச் சொல்லும் கதை. மீட்பு என்றால் என்ன என்று கேட்கும் கிறித்தவருக்குப் பாதிரிமார்கள் முதலில் சொல்லும் கதை. திரும்பி வந்த மகனுக்காகத் தந்தை கொழுத்த கன்றை அடித்து விருந்து வைக்கிறார். அந்த இடத்தில் உயர்சாதி இந்து நூலை மூடிவிடுவான் என்கிறார் துபுவா. காங்கேயம் காளையைப் பிள்ளைபோல் வளர்க்கும் நாட்டில் இது பொய்யன்று. ஆனால் கன்று தடையாயிற்று என்றால் அது கதை சொல்லியின் சிக்கல். கேட்பவன் மீது இறைச் சாபம் இருப்பதற்கு அது எவ்வாறு சான்றாகும் என்று துபுவா தம்மையே கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

அதே நூலின் பின்பகுதியில், இந்து ஆண்களையும் பெண்களையும் ஒழுக்கமற்றவர் எனப் பழித்த ஒரு புராட்டஸ்டண்டுப் போதகரை மறுத்து, இம்மக்களின் குடும்ப வாழ்வையும் அடக்கத்தையும் உழைப்பையும் துபுவா வலுவாக ஆதரித்து எழுதுகிறார். நல்லவர்கள்; ஆயினும் கைவிடப்பட்டவர்கள். இரண்டையும் ஒரே அட்டைக்குள் தைத்து வைத்த அவரது மனநிலை புரிந்துகொள்ளக் கடினமானதன்று. அவர் கண்ணால் கண்டது ஒன்று; அவர் கற்ற கோட்பாடு வேறொன்று; இரண்டில் ஒன்றையும் அவரால் விட முடியவில்லை.

முஸ்லிம் வாசகர்கள் கவனிக்க வேண்டிய பகுதியும் அந்நூலில் உண்டு. 1784இல் திப்பு சுல்தான் தம் ஆட்சிப் பகுதியிலிருந்த கிறித்தவர்களைப் பிடித்துச் சீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டு சென்று சுன்னத் செய்வித்தார் என்றும், அவர்களின் தொகை 60,000க்கும் மேல் என்றும், அவர்களில் ஒருவர்கூட உயிர் கொடுத்து விசுவாசத்தைக் காக்கவில்லை என்றும் துபுவா எழுதுகிறார். 1799க்குப் பின் அவர்களில் பலரைத் திருச்சபைக்கு மீட்டுக் கொணர்ந்தவரும் அவரே. எண்ணிக்கையைப் பற்றி வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. மங்களூர்க் கிறித்தவர்கள் ஆங்கிலேயருக்கு உதவினர் என்ற ஐயமே இதற்குக் காரணம், சமயப் பகையன்று என்போரும் உண்டு; அதில் உண்மையும் உண்டு. எனினும் நிகழ்ந்தது நிகழ்ந்ததே. மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்ற இறைவசனத்தை மனனம் செய்த நாம், திப்புவின் வீரத்தைப் பாடும் அதே நாவால் இதையும் சொல்லத்தான் வேண்டும். நம்மை இங்கு உறுத்துவது இன்னொன்று. வாளுக்கு அஞ்சிப் பணிந்த அந்த ஏழைகளைப் பற்றித் துபுவா எழுதும் வரிகளில் இரக்கத்தைவிட ஏமாற்றமே மிகுந்திருக்கிறது. நெஞ்சம் ஈமானில் அமைதி கொண்டிருக்க நிர்ப்பந்தத்தால் நாவு வேறு சொன்னவர் மீது குற்றமில்லை என்று அம்மார் இப்னு யாசிர் (ரலி) அவர்களின் நிகழ்ச்சியில் நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. அந்த அளவுகோலால் அளந்தால் மங்களூர்க் கிறித்தவர்களின் கணக்கு வேறு விதமாக அமையும்.

துபுவாவின் நூலுக்கு மறுப்புகள் உடனே வந்தன. பாளையங்கோட்டையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹவ் 1824இல் எழுதியது அவற்றுள் குறிப்பிடத் தக்கது. இலண்டன் மிஷனரி சங்கத்தார் சேலத்தில் 1827இலும், அடிஸ் என்னும் போதகர் வழியாகக் கோவையில் 1830இலும் பணியைத் தொடங்கினர். அவர்கள் பள்ளிகளைத் திறந்தனர், புத்தகங்களை வழங்கினர், துபுவாவின் ஆரூடத்தைப் பொருட்படுத்தவில்லை. அதைப் பற்றி விரிக்க இங்கு இடமில்லை.

ஆழமான மறுமொழி துபுவாவின் சொந்தச் சபைக்குள்ளிருந்தே வந்தது. மரியன் தெ பிரெசில்லாக் என்னும் பிரெஞ்சுக் குரு 1842இல் புதுச்சேரிக்கு வந்தார். மூன்றே ஆண்டுகளில் கோயம்புத்தூர்ப் பகுதியின் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1846 அக்டோபர் 4, ஞாயிற்றுக்கிழமை, செபமாலை மாதா திருநாளன்று கருமத்தம்பட்டியில் அவர் மேற்றிராணியாராக அபிஷேகம் செய்யப்பட்டார். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு. 1850இல் கோவை தனி மறைவட்டமாயிற்று. பெரிய கடை வீதியில் புனித மிக்கேல் அதிதூதர் பேராலயத்தின் கட்டுமானத்தை அவர் காலத்தில் தொடங்கினர்; அது 1867இல் நிறைவுற்றது. கிறித்தவ ஓவிய மரபில் தீர்வை நாளன்று ஆன்மாக்களைத் தராசில் நிறுப்பவர் மிக்கேல். திருக்குர்ஆன் பெயர் சொல்லிக் குறிப்பிடும் மீக்காலும் அவரே.

பிரெசில்லாக்கும் துபுவாவும் பார்த்தது ஒரே நிலையைத்தான்: இரண்டு நூற்றாண்டுப் பணிக்குப் பின்னும் சிறிய, ஏழையான, சாதியால் பிளவுபட்ட ஒரு சபை. துபுவா அதைக் கண்டு மக்கள் மீது தீர்ப்புச் சொன்னார். பிரெசில்லாக் குற்றத்தைப் பாதிரிமார்களின் பக்கம் திருப்பினார். உள்ளூர் இளைஞரைக் குருக்களாக்கி, அவர்களிலிருந்தே ஆயர்களையும் உருவாக்காமல், எல்லா அதிகாரத்தையும் ஐரோப்பியர் கையிலேயே வைத்துக்கொண்டு, இம்மண்ணில் திருச்சபை வேரூன்றவில்லை என்று புலம்புவது நேர்மையன்று என்பது அவர் நிலை. அதற்காகக் குருமடம் நடத்தினார். சக பிரெஞ்சுக் குருக்களின் எதிர்ப்பையும் சம்பாதித்தார்.

இன்னொரு முள்ளும் அவரைக் குத்திக்கொண்டே இருந்தது. மலபார்ச் சடங்குகளை அனுமதிப்பதில்லை என்று இங்கு வரும் ஒவ்வொரு குருவும் சத்தியப்பிரமாணம் செய்ய வேண்டும். நடைமுறையிலோ சாதி வேற்றுமையும் அதைச் சார்ந்த வழக்கங்களும் கோயிலுக்குள் தொடர்ந்தன. தடுத்தால் மக்கள் போய்விடுவர். விட்டால் சத்தியம் முறியும். எது பாவம், எது பொறுத்துக்கொள்ளத் தக்கது என்று தெளிவான விடை கேட்டு அவர் ரோமாபுரிக்கு எழுதினார், நேரிலும் சென்றார். மனம் அமைதியுறும் விடை கிடைக்கவில்லை. பதவி விலகினார்; 1855இல் அது ஏற்கப்பட்டது. பிறரின் மீட்புக்காக வந்தவர், தம் மனச்சான்றே தம் மீது சாட்சி சொல்லும் நிலையில் அப்பதவியில் இருக்கலாகாது என்று இறங்கிப் போனார். பதவியை அமானிதமாகக் கருதி நடுங்கிய நம் முன்னோரின் வரலாறுகளைப் படித்தவர்களுக்கு இம்மனிதரை மதிக்காமல் இருக்க முடியாது. மறு ஆண்டு லியோன் நகரில் ஆப்பிரிக்கப் பணிக்கென ஒரு சபையை நிறுவி, 1859 ஜூன் 25 அன்று சியரா லியோனின் ஃப்ரீடவுனில் காய்ச்சலுக்குப் பலியானார். 2020இல் போப் பிரான்சிசு அவரை 'வணக்கத்துக்குரியவர்' என அறிவித்தார். அவர் கேட்ட இரண்டும் 1940இல்தான் கைகூடின. சத்தியப்பிரமாணத்தை ரோமாபுரி அவ்வாண்டில் நீக்கியது. கோவை மறைமாவட்டம் உபகாரசாமி என்னும் இந்திய ஆயரின் கைக்கு வந்ததும் அவ்வாண்டிலேயே.

இவ்விருவரின் எழுத்துகளில் காணாத ஒரு செய்தி பாரிசு சபையின் ஆண்டறிக்கைகளில் கிடைக்கிறது. அவற்றில் ஞானஸ்நானக் கணக்கு வகை பிரித்துத் தரப்படும்: வளர்ந்தோர் இத்தனை பேர்; பிற சமயத்தாரின் சாகும் தறுவாயிலுள்ள குழந்தைகள் இத்தனை பேர். மருந்து கொடுக்கவும் நோயாளிகளைப் பார்க்கவும் செல்லும் கன்னியரும் உபதேசியாரும், பிழைக்காது என்று கண்ட குழந்தையின் தலையில் நீர் வார்த்து மந்திரம் சொல்லிவிடுவர். பெற்றோருக்குப் பெரும்பாலும் தெரியாது. 1876-78 பஞ்சத்தில் கோவையும் சேலமும் செத்து மடிந்த காலத்தில் தென்னிந்தியப் பணித்தளங்களில் ஞானஸ்நானங்கள் பெருகின. இதைத் தந்திரம் என்று தள்ளிவிடுவது எளிது. அக்கன்னியர் தம் கோட்பாட்டை முழுமையாக நம்பினர். நீர் வார்க்காவிட்டால் அக்குழந்தைக்கு இறைக் காட்சி இல்லை என்று உண்மையிலேயே அஞ்சினர். ஆனால் தாயின் மடியிலிருக்கும் பிள்ளையைத் தாய்க்குத் தெரியாமல் வேறு கணக்கில் எழுதும் அந்தக் கருணையை நம்மால் ஏற்க இயலவில்லை. இறந்து போகும் குழந்தைகள் எச்சமயத்தார் வீட்டில் பிறந்தாலும் இப்றாஹீம் நபி (அலை) அவர்களின் அரவணைப்பில் இருப்பதாக நபிமொழி காட்டும் காட்சியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மரண ஆபத்திலுள்ள குழந்தைக்குப் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாகவும் ஞானஸ்நானம் அளிக்கலாம் என்னும் விதி 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. அவ்விதிக்கு ஆதாரமாயிருந்த லிம்போவோ, அத்தனை உறுதியானதன்று என்று 2007இல் வத்திக்கானின் இறையியல் குழுவே சொல்லிவிட்டது. ஞானஸ்நானமின்றி இறக்கும் குழந்தைகள் மீட்படைவர் என நம்ப இடமுண்டு என்றது.

கோட்பாடு மாறியது ஒரே நாளிலன்று. பிரெசில்லாக் ரோமாபுரி சென்ற 1854ஆம் ஆண்டின் இறுதியில் போப் ஒன்பதாம் பத்திநாதர், தம் குற்றமின்றி உண்மையை அறியாதிருப்போர் இறைவன் முன் குற்றவாளிகளல்லர் என்றார்; 1863இல் அதை மேலும் தெளிவுபடுத்தினார். திருச்சபைக்கு வெளியே எவருக்கும் மீட்பில்லை என்று அடித்துப் பேசிய லெனார்டு ஃபீனி என்னும் அமெரிக்கக் குரு 1953இல் கீழ்ப்படியாமைக்காகத் திருச்சபைக்கு வெளியே தள்ளப்பட்டார்! இறுதியாக, 1964 நவம்பர் 21 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருச்சபை பற்றிய சாசனம், இறைவனின் மீட்புத் திட்டத்தில் முஸ்லிம்களையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. இறுதி நாளில் மனிதருக்குத் தீர்ப்பளிக்கும் இரக்கமுள்ள ஒரே இறைவனைத் தங்களோடு சேர்ந்து அவர்களும் வணங்குகின்றனர் என்பது அதன் கருத்து. ஃபுளோரன்சிலிருந்து இங்கு வந்து சேர 522 ஆண்டுகள் ஆயின.

நம் அறிஞர்களும் இக்கேள்வியை எதிர்கொண்டவர்களே. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'பைசலுத் தஃப்ரிகா' என்னும் சிறு நூலில், தம் காலத்து ரோமானியக் கிறித்தவரையும் துருக்கியரையும் மூன்றாக வகுக்கிறார்கள்: நபிகளாரின் பெயரே எட்டாதவர்கள்; பெயரும் குணமும் சான்றும் சரியாக எட்டியும் புறக்கணித்தவர்கள்; திரித்துக் கூறப்பட்ட செய்தி மட்டுமே எட்டியவர்கள். முதல் வகையாரும் மூன்றாம் வகையாரும் மன்னிப்புக்குரியவர்கள் என்பதும், அவர்களே பெரும்பாலோர் என்பதும் இமாமவர்களின் முடிவு. 1111இல் மறைந்த ஒருவர் இதை எழுதியிருக்கிறார் என்பதைக் கிறித்தவ நண்பர்கள் வியப்போடு கேட்பார்கள். நம்மவர் அதைவிட அதிக வியப்போடு கேட்பார்கள். நாம் அறிந்த அரபுக் கல்லூரிகளில் 'இஹ்யா' ஓதப்படுகிறது. இந்நூல் பாடத்தில் இல்லை. இன்னாரை அல்லாஹ் மன்னிக்கமாட்டான் என்று சத்தியமிட்டுக் கூறியவனின் அமல்களே அழிந்த செய்தி முஸ்லிமின் கிரந்தத்தில் பதிவாகியிருந்தும், அண்டை வீட்டாரின் மறுமையைப் பற்றி மேடையில் சத்தியமிடுவோர் நம்மிடமும் குறைவில்லை. 1998க்குப் பிந்திய கோவையில் இது ஏட்டுச் சர்ச்சை மட்டுமன்று.

இறுதியாண்டு மாணவர்களுக்கு இமாமவர்களின் அப்பகுதியைப் படித்துக் காட்டும்போதெல்லாம் ஒரே கேள்வி எழுகிறது. அறியாதோர் மன்னிக்கப்படுவார்கள் எனில், அழைப்புப் பணி எதற்கு? அறியாமலே விட்டுவிட்டால் அவர்களுக்கு நன்மையாயிற்றே? வத்திக்கான் சங்கத்துக்குப் பின் கத்தோலிக்கக் குருமடங்களிலும் இதே கேள்விதான் எழுந்தது. அச்சங்கமே 1965 டிசம்பரில் மறைபரப்புப் பணிக்கெனத் தனி ஆணையேடு ஒன்றை வெளியிட்டது, ஆயினும் விவாதம் அடங்கவில்லை. நற்செய்தி என்பது நெருப்பிலிருந்து தப்பும் வழி மட்டுமா, வாழ்வதற்குரிய ஒளியுமா என்று அவர்கள் எழுதிக் குவித்திருக்கிறார்கள். நம் மாணவர்களோ ஒவ்வோர் ஆண்டும் அதை இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்று வாதிடுகிறார்கள். பாங்கு சொல்லும் வரை நடக்கும் அவ்வாதம், மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறது.